வக்கீலுக்கு ஒரு மேசை

வருகிற பொதுக்குழுவின் பொருள் நிரலில் ஐந்தாவதாக ஒரு விண்ணப்பம் இருக்கிறது. சங்கப் படிப்பகத்தை ஒட்டிய பழைய சாமான் அறையை மாத வாடகைக்குத் தர வேண்டும் என்று நம் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருக்கிறார். சட்டம் படித்தவர். பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு சீனியரிடம் இரண்டரை ஆண்டு ஜூனியராக இருந்தவர். இனித் தனியாகத் தொழில் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறார். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு அலமாரி வைக்க இடம் வேண்டும். அவ்வளவுதான் விண்ணப்பம்.

நாலு வரி விண்ணப்பத்தின்மேல் செயற்குழுவில் இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. "நம் ஜனங்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தித் தருவதாக எழுதிக் கொடுத்தால் அறையையும் இலவசமாகக் கொடுக்கலாம்" என்றார் ஒருவர். "மாதச் சம்பளம் போட்டு நம் ஆளாகவே வைத்துக்கொள்வோம்" என்றார் இன்னொருவர். "வாடகைக்கு விட இது சங்கமா, சத்திரமா?" என்று ஒரு குரல். "பெண் எந்த ஊர், எந்தத் தெரு?" என்று மெதுவாக விசாரித்தவர்களும் உண்டு. எதற்காக விசாரித்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறையைக் கொடுக்க வேண்டும். வாடகைக்கே கொடுக்க வேண்டும். வழக்குக்கு அனுப்பினால் பீஸும் கொடுக்க வேண்டும். அவர் நம் ஆளாக இருக்கக் கூடாது. எவர் ஆளாகவும் இருக்கக் கூடாது. சொந்தக் காலில் நிற்கும் வக்கீல்தான் நமக்குப் பயன்படுவார். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதை எழுதும் நாம் சட்டம் படித்தவர்கள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டிப் பிழைப்பவர்கள். ஆனால் சங்க வேலை என்று இறங்கிய நாள் முதல் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் கோர்ட்டு வராந்தாவிலும் நின்று கால் வலித்திருக்கிறோம். அந்த வலியில் கற்றதைத்தான் சொல்கிறோம்.

தமிழ் பேசிய தரகன்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நம் பகுதியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்த ஒருவர், மாலை நெரிசலில் மின்சார ரயிலின் கதவோரம் தொங்கிப்போனவர், கீழே விழுந்து இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே அவர் வீட்டு வாசலுக்கு ஒரு ஆள் வந்துவிட்டான். ரேஷன் கார்டு நகல் வாங்கினான். எழுதாத வெள்ளைத் தாள்களில் கையெழுத்து வாங்கினான். "பணம் வாங்கித் தருகிறேன், வந்தால் பாதிப் பாதி" என்றான். பணம் வந்தது. சொன்னபடி பாதியை எடுத்துக்கொண்டான். விஷயம் நமக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஏம்மா, யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டீர்களே" என்று கேட்டோம். "அவன் தமிழ் பேசினான் அண்ணே. நம்ம ஆளுன்னுதானே போட்டேன்" என்றார் அந்த அம்மா.

அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் நாலே வரிதான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவுப்படி, வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்த பயணியின் குடும்பத்துக்கு, ரயில்வேயின்மேல் தவறு உண்டா இல்லையா என்று பார்க்காமலே இழப்பீடு உண்டு. 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கான தொகை எட்டு லட்சம் ரூபாய். ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடம் உண்டு. செத்தவர் பையில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளிவிட முடியாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவருக்கும், தற்கொலைக்கும், குடிபோதையில் செய்த காரியத்துக்கும் இந்தப் பிரிவு உதவாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொய் நம்பிக்கை கொடுப்பது தரகன் வேலை.

கிடைக்கும் பணத்தில் பங்கு என்று பேசுவது வக்கீலுக்கே தடை செய்யப்பட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசக் கூடாது, வரும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. வக்கீலுக்கே கூடாததைத் தரகன் செய்துவிட்டுப் போனான். நாமோ ரயில்வேயில்தான் வேலை பார்க்கிறோம். அந்த வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில்தான் குடியிருக்கிறோம். துக்கம் கேட்கப் போனோம், காகிதத்தைக் கேட்கவில்லை. இது நம் குற்றம்தான்.

நீதிமன்றத் தரகர்களைப் பட்டியலிட்டுத் தண்டிக்க 2023ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று மாதம் வரை சிறை என்று எழுதியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பட்டியல் ஒட்டினால் மட்டும் தரகன் ஒழியமாட்டான். நேர்மையான வக்கீல் ஒருவர் நடந்துபோகும் தூரத்தில், கைக்கு எட்டும் பீஸில், நம் பாஷையில் பேசக் கிடைத்தால்தான் அவன் பிழைப்புக் கெடும்.

பெயரே வழக்காகும் ஊர்

இன்னொன்று வீடு. தாராவியில் 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபித்தவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்கிறார்கள். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால். மேல்தளத்தில் இருப்பவர் கணக்கு வேறு. இரண்டு தலைமுறை உழைத்த குடும்பம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிப்பது இப்போது ஒரு பழைய மின்கட்டண ரசீது.

அந்த ரசீதில் நம்மவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. இந்த ஊர்ப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு குமாஸ்தா தகப்பன் பெயரைப் போட்டார், இன்னொருவர் ஊர்ப் பெயரைப் போட்டார், மூன்றாமவர் மனம்போனதைப் போட்டார். மராத்தியில் எழுதிய வாக்காளர் பட்டியலில் மாடசாமி ஒரு விதம், ரேஷன் கார்டில் இன்னொரு விதம். அப்பனும் மகனும் வேறு வேறு குடும்பம் என்று காகிதம் சொல்கிறது. இன்ஷியல் என்பது தகப்பன் பெயரின் முதல் எழுத்து என்பதை அதிகாரிக்குப் புரியவைத்து, பிரமாணப் பத்திரம் எழுதி, கெடுவுக்குள் மேல்முறையீடு செய்ய, இந்தச் சிக்கல் தன் வீட்டிலேயே நடந்திருக்கிற ஒரு வக்கீலுக்கு எவ்வளவு எளிது! பெரிய வக்கீல்கள் கோட்டைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அறையில் நம்மவர் உட்காரவே கூச்சப்படுகிறார். கூச்சத்தில் பாதி விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிடுகிறார். சொல்லாத பாதியில்தான் வழக்குத் தோற்கிறது.

கறுப்புக் கோட்டின் விலை

"படித்துவிட்டார், பதிவு செய்துவிட்டார், இனிச் சம்பாதிக்க வேண்டியதுதானே" என்று கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம்.

பதிவுக் கட்டணம் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி 750 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் பல மாநில பார் கவுன்சில்கள் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று பதினைந்தாயிரமும் அதற்கு மேலும் வாங்கிவந்தன. சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிற கட்டணம் சமத்துவத்துக்கு விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் பெண் பதிவு செய்தது தீர்ப்புக்கு முன்னால். அதற்காக அவர் தாயார் கைவளையல் அடகுக்குப் போனது நமக்குத் தெரியும்.

பிறகு அகில இந்திய பார் தேர்வு. அதற்குத் தனிக் கட்டணம். பிறகு ஜூனியர் காலம். நகரங்களில் ஜூனியருக்கு மாதம் இருபதாயிரம், கிராமப்புறத்தில் பதினைந்தாயிரம் கொடுக்கலாம் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் சீனியர்களுக்குப் பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. நம் பெண்ணுக்குக் கிடைத்தது ரயில் பாசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அறை, அலமாரி, குமாஸ்தா, கட்சிக்காரர் எல்லாம் பாகப்பிரிவினை இல்லாமலே வந்து சேரும். இட்லி வண்டி தள்ளியவர் வீட்டுப் பிள்ளைக்கு வருவது கடன்.

தொழிலைத் தனியாகத் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வருகிற வழக்கும் சிறியது, வருகிற பணமும் தவணையில். ஆனால் அறை வாடகை தவணையில் போகாது. டைப்படிக்கும் கூலி, ஸ்டாம்பு, நகல் செலவு, சட்டப் புத்தகம், கோர்ட்டுக்குப் போய்வரும் செலவு எதுவும் காத்திருக்காது. இந்த மூன்றாண்டைத் தாண்ட முடியாமல்தான் நம் வீடுகளில் சட்டம் படித்த பிள்ளைகள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள்.

மூன்று பொன்னாடைகள்

இதை நாம் கேள்விப்பட்டதாகச் சொல்லவில்லை. நாமே செய்திருக்கிறோம். இந்தப் பெண்ணுக்கு முன்னால் நம் பகுதியில் ஒரு தம்பி வக்கீலானது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். பட்டாசு வெடித்தோம். பொங்கல் விழா மேடையில் ஏற்றினோம். அடுத்த நாளிலிருந்து சங்கக் கடிதம் கொடுத்து ஆட்களை அவரிடம் அனுப்பினோம். வாடகைத் தகராறு, செக் திரும்பிய வழக்கு, அடிதடி, ஜாமீன். "தம்பி நம்ம பையன்தானே" என்ற ஒரு வார்த்தையோடு போனவர்களில் பீஸ் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்டாம்புச் செலவைக்கூடச் சிலர் கொடுக்கவில்லை. அதே ஆட்கள் கல்யாண மண்டபத்துக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுத்தவர்கள். சங்கமும் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டு விழாக்களில் மூன்று பொன்னாடை போர்த்தினோம். பொன்னாடையைக் கொடுத்து அறை வாடகை கட்ட முடியாது.

ஒரு நாள் அவர் தொழிலை விட்டார். கடன் வசூலிக்கும் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கடன் தவணை தவறிய நம் உறுப்பினர் ஒருவருக்கு அந்த நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கீழே தம்பியின் கையெழுத்து. "பார்த்தாயா, நம்ம பையனே நமக்கு நோட்டீஸ் விடுகிறான்" என்று சங்க வாசலில் நின்று பேசினார்கள். அவரை அங்கே அனுப்பியது யார் என்று அன்று எவரும் கேட்கவில்லை. இன்று நாம் கேட்கிறோம். நாம்தான் அனுப்பினோம்.

நம் ஆளாக வைத்துக்கொண்டால் என்ன?

சம்பளம் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு வருவோம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் தொழில் நடத்தும் வக்கீல் எவரிடமும் முழுநேரச் சம்பளக்காரராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. மீறினால் போவது நம் சங்கத்தின் பெயரல்ல, அவருடைய சன்னத்து.

"சங்கத்தின் சட்ட ஆலோசகர் என்று பெரிய பலகை மாட்டுவோம்" என்றார்கள். அதுவும் முடியாது. 36ஆம் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. பெயர்ப் பலகை அடக்கமான அளவில் இருக்க வேண்டும். இன்ன அமைப்பைச் சேர்ந்தவர் என்று அதில் எழுதவும் கூடாது. "நாம் அனுப்பும் வழக்குக்குச் சங்க நிதிக்கு ஒரு பங்கு கொடுக்கட்டும்" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கையாகவே இருக்கட்டும். அப்படி வாங்கினால் அந்த அம்மாவிடம் பாதி எடுத்தவனுக்கும் நமக்கும் வித்தியாசம் ரசீதுப் புத்தகம் மட்டும்தான்.

விதி தடுக்கிறது என்பதற்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டாலும் சொல்வோம். குடும்பத் தகராறில் அடிபட்ட ஒரு பெண் வக்கீலிடம் வருகிறார் என்று வையுங்கள். அடித்தவர் நம் செயற்குழு உறுப்பினர். வக்கீல் சங்கத்தின் சம்பளக்காரர் என்றால் அந்தப் பெண் வாயைத் திறப்பாரா? திறந்தாலும் வக்கீல் வழக்கை எடுப்பாரா? நம் உறுப்பினர்களில் பட்டறை முதலாளியும் உண்டு, அவரிடம் கூலி பாக்கி கேட்கும் தொழிலாளியும் உண்டு. சங்கம் இருவருக்கும் பொது என்கிறோம். ஆனால் சங்கத்தின் வக்கீல் யார் பக்கம் நிற்பார்? சந்தா அதிகம் கொடுப்பவர் பக்கம் நிற்பார் என்று தொழிலாளி நினைத்தால் அது அவர் தவறாகாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்சிக்காரர் தன் வக்கீலிடம் தொழில்முறையில் சொன்னதை, கட்சிக்காரர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லும்படி வக்கீலைக் கேட்க முடியாது. முன்பு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு சங்கச் செயலாளருக்கு இல்லை, பொருளாளருக்கு இல்லை, இதை எழுதும் நமக்கும் இல்லை. அதனால்தான் சொல்கிறோம்: அந்த அறையின் கதவு சாத்தியிருக்கும்போது சங்கத்தார் எவரும் தட்டக் கூடாது. அவர் அலமாரிக்கு இரண்டாவது சாவி சங்கத்தில் இருக்கக் கூடாது.

முன்னே நின்ற இருவர்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வ.உ.சி. படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறோம். அவர் கப்பல் ஓட்டியதைச் சொல்லும் நாம், அவர் வக்கீல் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் சொந்தமாகத் தொழில் நடத்தியவர் என்பதால்தான் 1908இல் கோரல் மில் தொழிலாளர் பக்கம் அவரால் நிற்க முடிந்தது. கையில் தொழில் இருந்தது; எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் தண்டனை வந்ததும் சன்னத்தைப் பறித்தார்கள். 1912இல் சிறையிலிருந்து வெளியே வந்தவர் பிழைப்புக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. தென்னாப்பிரிக்காவில் பிழைக்கப் போன நம்மவர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணம் வ.உ.சி. கைக்கு வந்து சேர 1916 ஆகிவிட்டது. வெளியூர் போன தமிழன் உதவ நினைத்தது பெருமை. உதவி காலத்தில் சேராதது பாடம். பின்னாளில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தபோது, நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வக்கீல் தொழிலை அவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மற்றவர் இந்த ஊரிலேயே தொழில் தொடங்கியவர். பாரிஸ்டர் பட்டத்தோடு வந்த அம்பேத்கர் 1923இல் பம்பாயில் வழக்காடத் தொடங்கினார். சாதியின் காரணமாக சொலிசிட்டர்கள் அவருக்கு வழக்குத் தரவில்லை. வருமானத்துக்காக ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பரேல் தாமோதர் ஹாலில் அலுவலகம் வைத்து, அங்கே தேடி வந்த தொழிலாளிகளின் வழக்குகளைப் பார்த்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று மெதுவாக விசாரித்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அன்று சொலிசிட்டர்கள் செய்ததைத்தான் இன்று நம் செயற்குழு அறையில் செய்யப் பார்க்கிறீர்கள். "பொம்பளப் பிள்ளை தனியாக அறை போடுவதா?" என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்கள் வழக்காடலாம் என்று இந்த நாட்டில் சட்டம் வந்தது அதே 1923இல்தான். நூறு ஆண்டு கடந்துவிட்டது. கேள்வி பழையதாகிவிட்டது.

நாம் கேட்பது

அறையை நியாயமான வாடகைக்கு மூன்று ஆண்டுக்கு எழுத்து மூலம் கொடுப்போம். முன்பணம் வேண்டாம். மூன்றாம் ஆண்டு முடிவில் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டால், அந்த அறை அடுத்து வரும் பிள்ளைக்கு.

சங்கம் ஆலோசனை கேட்டால் சங்கம் பீஸ் கொடுக்கும். உறுப்பினர் கேட்டால் உறுப்பினர் கொடுப்பார். முடியாதவர் உண்மையிலேயே முடியாதவர் என்றால், ஒரு சிறு வழக்கு நிதி வைத்து அதிலிருந்து சங்கம் கொடுக்கும். இலவசமாக யாருக்குச் செய்வது என்பதை வக்கீல் தீர்மானிக்கட்டும். பணமில்லாதவருக்கும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்கச் சொல்லி அவர் தொழில் விதியே சொல்கிறது. நாம் அதை உத்தரவாக்க வேண்டாம்.

அரசின் இலவச சட்ட உதவியை மறந்துவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமலே வக்கீல் உண்டு. இதைச் சங்க வாசலில் தமிழில் எழுதி வைப்போம். அதோடு இந்தப் பகுதியில் கிடைக்கும் எல்லா வக்கீல்கள் பெயரும் படிப்பகத்தில் இருக்கட்டும். யாரிடம் போவது என்பது போகிறவர் முடிவு. சங்கத்தார் எவரும் கைபிடித்து இழுத்துப் போக வேண்டாம், அது தரகு.

கடைசியாக, சங்கத்துக்கு எதிராகவே ஒருவர் வழக்குப் போட விரும்பி அந்த அறைக்கு வந்தால், சங்கத்தின் பீஸை அதே விஷயத்தில் வாங்கியிராதவரை அந்த வழக்கை எடுத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்காக வாடகையைக் கூட்டவோ அறையைக் காலி செய்யச் சொல்லவோ கூடாது. இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். சிலருக்குக் கசக்கும். ஆனால் நம்மைக் கண்டு பயப்படுகிற வக்கீல், போலீஸைக் கண்டும் பில்டரைக் கண்டும் பயப்படத்தான் செய்வார்.

பொதுக்குழுவுக்கு எல்லோரும் வாருங்கள். முதல் நான்கு பொருளுக்கு இருந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ஐந்தாவது பொருளுக்குக் கை தூக்குங்கள்.

நம் வீட்டுக் காகிதங்களிலும் தகப்பனார் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. பல ஆண்டுகளாக டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தோம். அறை திறக்கிற அன்று மாலை, வேலை முடிந்து வந்ததும், அந்தக் காகிதங்களோடு வரிசையில் உட்காரப் போகிறோம். கேட்கிற பீஸைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வருவோம்.